கமலாத்தா வீட்டு ரெட்டைக் கதவு

பையனோட அம்மா நாந்தானுங்க. வாங்க, உக்காருங்க. அந்தச் சேர்ல வேண்டாம், அது காலு ஆடும். இந்தக் கட்டில்ல உக்காருங்க.

பொண்ணுக்குத் தாய்மாமனுங்களா? நல்லது. மாப்பிள்ளையைப் பத்தி நாலு பக்கம் விசாரிக்கோணும், அதுல தப்பே இல்லீங்க. ஆனா பாருங்க, எம்பையனுக்குப் பொண்ணு பாக்கறாங்கங்கறதே இப்ப நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது. பெத்தவ இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறன். ஜாதகம் அக்கட்டால, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து போகுது. போட்டோ அக்கட்டால இருந்து போகுது. எல்லாம் கமலாத்தா பண்ற வேலை.

கமலாத்தா யாருன்னு சொல்லிப்போடறன். எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். எனக்கு ஓரகத்தி. அதா, வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் பாலித்தீன் போட்டு நீளமாத் தெரியுதுங்களே, அந்தப் பாலிஹவுஸ் அவளோடது. எம்பையன் பூபதி இப்ப அதுக்குள்ளதான் இருப்பான். நீங்க நேரா அங்க போயிருந்தா அவனைப் பாத்திருக்கலாம். இங்க வந்ததும் நல்லதாப் போச்சு. அங்க உங்களுக்குப் பலகாரம் குடுப்பாங்க, விசயம் சொல்ல மாட்டாங்க. நான் சொல்றன். கேட்டுட்டு அப்பறமா முடிவு பண்ணுங்க.

இந்தப் பச்சை வலைப் பந்தல் எங்க வீட்டுக்காரரு போட்டதுங்க. கோஸ் நாத்து, சைனா கோஸ், லெட்டூஸு, எல்லாம் ட்ரேயில விட்டு மலைக்காரங்களுக்குக் குடுக்கறது. தேங்காமஞ்சித் தூளை, அதா அந்த நாருத் தூளை, நனைச்சு ட்ரேக்குழியில ரொப்பி, குழிக்கு ஒரு வெதை வெச்சு, ட்ரேயை ஒன்னு மேல ஒன்னா அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருவம். உள்ள சூடு கட்டி மொளை விட்டதும் எடுத்துப் பரப்பிப் பூவாளியில தண்ணி. அவரு இருக்கும்போது வெடியால, பொழுது கெளம்பறதுக்கு முன்னாடியே நாத்து ஏத்த வண்டி வந்து நிக்கும். அவரு போனதுக்கப்பறமும் வண்டி வந்துச்சு. நானும் பூபதியும் பாத்துக்கிட்டம். எந்தக் கொறையும் இல்லீங்க.

எங்களைப் பாத்துத்தான் அவ பாலிஹவுஸ் போட்டா. அதை நீங்க மறந்தராதீங்க. எங்களைப் பாத்துத்தான். சும்மா போடல. சுத்தியும் கொசுகூட நொழையாத வலை, மேல பாலித்தீன், உள்ள போறதுக்கு ரெண்டு கதவு. ஒன்னைச் சாத்திட்டுத்தான் இன்னொன்னைத் தொறக்கோணும், அப்பத்தான் பூச்சி வராதாமா. காலை மருந்துத் தண்ணியில நனைச்சுட்டுத்தான் உள்ள போகோணுமாமா. கோயிலுக்குக்கூட அவ்வளவு சுத்தமாப் போறதில்லீங்க. நான் சிரிச்சன். நாத்து விடறதுக்கு எதுக்குடா இத்தனை வேசம்னு பூபதிகிட்டச் சொல்லிச் சிரிச்சன். அவன் சிரிக்கல. அப்பவே எனக்கு ஒரைச்சிருக்கோணும்.

பொறகு ஒரு ஐப்பசி. மழை விடாமப் புடிச்சுக்கிச்சு. அந்த மழையில நாத்து கொஞ்சம் சரிஞ்சுது. மழைன்னா சரியத்தானுங்க செய்யும். தண்டு தூளை ஒட்டற எடத்துல நூல் மாதிரி இளைச்சு அப்படியே படுத்துக்கும். படுத்ததைப் பொறுக்கிப் போட்டுட்டு நின்னதைக் குடுத்தன். மலையில காடு வெச்சிருக்கற சென்னியப்பண்ணன் வாங்கிட்டுப் போனாரு. மலைக்குக் கொண்டுபோயி நட்டாரு. நட்டதுல பாதி அங்கயும் படுத்துக்கிச்சு. அவரு நேரா என்ற வீட்டுக்கு வந்திருந்தா வேற நாத்து குடுத்திருப்பன். வரல. பால் சொசைட்டிக்கு வந்தாரு. வெடியால ஊரே பால் ஊத்த நிக்கற நேரம். அட்டைப்பொட்டியில செத்த நாத்தைக் கொண்டாந்து எம்முன்னால வெச்சாரு.

கமலாத்தாளும் அங்க நின்னா. யாராவது அவளைக் கூப்பிட்டாங்களா? கூப்பிடல. தானா வந்து ஒரு நாத்தை எடுத்தா. வேரைத் திருப்பிப் பாத்தா. தண்டை நகத்துல கீறிப் பாத்தா. பாத்துட்டு என்ற மொகத்தைப் பாத்து, "துளசி, ட்ரேயை மருந்துல முக்காம வெறும் தண்ணியிலயா கழுவுன?" அப்படீன்னா.

மெதுவாத்தானுங்க சொன்னா. மெதுவாச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கல. சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பன், ஊரு ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு நின்னிருக்கும். அவ அக்கறையாக் கேக்கற மாதிரி கேட்டா. எல்லாரும் கேனைக் கீழ வெச்சுட்டு என்னையப் பாத்தாங்க. பூபதி எம்பக்கத்துலதான் நின்னான். அவன் குனிஞ்சுக்கிட்டு, "நான் அப்பவே சொன்னன்லம்மா" அப்படீன்னான். அதையும் மெதுவாத்தான் சொன்னான். ஆனா எல்லாருக்கும் கேட்டுது.

வெறும் தண்ணியில கழுவுனா என்னங்க? தண்ணியில கழுவாம வேற எதுல கழுவுவாங்க? எங்க வீட்டுக்காரரு வாய்க்கால்ல போட்டு அலசித்தான் எடுப்பாரு. அப்ப சரியாத்தான இருந்துச்சு. சித்த சித்த அப்பவும் படுக்கும், அதை யாரு கணக்குல எடுத்தா. அந்த மனுசன் செத்த பொறகு அவரு கழுவுனதையும் சேத்துத்தான அவ பழிச்சா? அப்படி யாராவது நெனைச்சாங்களா? நான் நெனைச்சன்.

அன்னைக்குப் பொழுதுக்குள்ள எனக்குப் பேரு வெச்சுட்டாங்க. கழுவாத துளசி. ஊர்ல துளசிமணி நாலு பேரு இருக்கறம். எந்தத் துளசின்னு கேட்டா, கழுவாத துளசிங்கறாங்க. மளிகைக் கடையில என்ற காதுபடச் சொல்றாங்க.

அடுத்த பட்டத்துக்கு வண்டி வரல. வந்த வண்டியெல்லாம் வாசலைத் தாண்டி அக்கட்டால போயி நின்னுது. நான் இங்க இருந்து பாத்துக்கிட்டே இருந்தன். சென்னியப்பண்ணன் வண்டி மொதல் வண்டி.

பூபதி ஒரு நாள் பெரிய பிளாஸ்டிக் டிரம்மு கொண்டாந்து, பிளீச்சிங் பவுடரைக் கலக்கி, ட்ரேயெல்லாம் அதுல முக்கி வெச்சான். நான் தோட்டத்துல இருந்து வந்தன். பாத்தன். நேராப் போயி டிரம்மைச் சாச்சு விட்டன். வாசலெல்லாம் வெள்ளையா ஓடுச்சு. "ஏம்மா?"ன்னான். "இன்னைக்கு மருந்துல முக்குனா, நேத்து முக்கலைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்டா. அவ சொன்னது நெசம்னு ஆயிரும்"னன். அவன் காலி டிரம்மை நிமுத்தி வெச்சான். "நெசந்தானம்மா" அப்படீன்னான்.

அவ்வளவுதான் சொன்னான். நாலு சட்டையைப் பையில போட்டுக்கிட்டு, அந்த வேலிச் சந்துலயே நொழைஞ்சு அக்கட்டால போயிட்டான். அவனா போனானுங்கறீங்க? அவ கூப்பிடாமயா போயிருப்பான்? அவளுக்கு ரெண்டும் பொண்ணு, கட்டிக்குடுத்தாச்சு. பாலிஹவுஸைப் பாக்க ஆம்பளைப் பையன் வேணும். எனக்குப் பேரைக் கெடுத்தா, யாவாரத்தைக் கெடுத்தா, பையனையும் எடுத்துக்கிட்டா. "நான் கூப்பிடல துளசி, அவனாத்தான் வந்தான், நீ வந்து கூட்டிட்டுப் போ"ன்னு வேலியோரம் வந்து சொன்னா. பாருங்க, என்னைய வரச் சொல்றா. அவ வாசப்படிக்கு நான் போகோணுமாமா.

நான் பழி வாங்கற பொம்பளை இல்லீங்க. யாரை வேணாக் கேளுங்க. ஆனா சில சமயம் மண்ணே வழி காட்டும்.

வேலியோரமா எனக்கு ஒரு பாத்தி கோஸ் நின்னுது. விக்காம நின்னுபோன நாத்தை நானே நட்டது. அது முத்திப்போச்சு. வெட்டி மாட்டுக்குப் போட்டிருக்கோணும். போடாம விட்டன். புழு வந்துச்சு. பச்சைப் புழுங்க, நூல் கனம்தான் இருக்கும், தொட்டா ஒரு இழையில தொங்கும். எலையோட சதையை மட்டும் தின்னுட்டுத் தோலை விட்டுரும், எலை கண்ணாடிப் பேப்பராட்டம் ஆயிரும். அப்பறம் அதுவே சின்ன அந்துப்பூச்சியாகி, பொழுது எறங்கற நேரத்துல எலையைத் தட்டுனா புகையாட்டம் எந்திரிக்கும். மருந்து அடிக்கல. தண்ணி மட்டும் தவறாம விட்டன். வேற எதுக்கும் அப்படித் தண்ணி விட்டதில்லீங்க நான். புழு பெருகப் பெருக எனக்குச் சோறு எறங்குச்சு.

வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவளோட ரெட்டைக் கதவு. உள்ள பாதி லெட்டூஸு, அதை இந்தப் பூச்சி தொடாது. மீதி பாதி கோஸு. தாராளமா இங்கிருந்து போகும்னு பாத்துக்கிட்டே இருந்தன். போகல. அந்த வலையில முட்டி முட்டிட்டுத் திரும்பி என்ற பந்தலுக்கே வந்துச்சு. என்ற பந்தல்ல மேலதான வலை, பக்கமெல்லாம் தொறந்துதான கெடக்கும். நான் விட்டிருந்த நாத்து கொஞ்சம் போச்சு. கொஞ்சம்னா, எல்லாமே போச்சுன்னு வெச்சுக்குங்களேன். அது பெரிசில்லீங்க. வாங்கறதுக்குத்தான் ஆளே இல்லையே.

கமலாத்தா வேலிகிட்ட வந்து எட்டிப் பாத்தா. "துளசி, அந்தப் பாத்தியை அழிச்சுரு, உனக்குத்தான் ஆகாது"ன்னா. உனக்குத்தானாம். அன்னைக்கும் அதுக்குத் தண்ணி விட்டன்.

இவ்வளவுதானுங்க. இப்படிப்பட்டவங்க வீட்டுலதான் உங்க பொண்ணு வந்து வாழப்போகுது. மாமியாங்கற பேருல அவதான் உக்காருவா. எனக்கு வேற என்ன சொல்ல இருக்குது. அவன் நல்லவன். அதுல நான் பொய் சொல்ல மாட்டன். வேலைக்காரன். யாரையும் எடுத்தெறிஞ்சு பேச மாட்டான். ஆனா இருக்கற எடம் சரியில்லை.

என்னங்க? சொல்லுங்க, சங்கடப்படாம கேளுங்க.

யாரு சொன்னா?

டீக்கடையிலயா? பூபதி கவனக்கொறைவான பையன்னா? கதவைத் தொறந்து போட்டுட்டு ஒரு வீட்டு நாத்தையே அழிச்சவன்னு சொன்னாங்களா? கதவு பூபதியா? அப்படியா பேரு வெச்சிருக்காங்க.

அதுக்காகத்தான் இங்க வந்தீங்களா. பொறுப்பில்லாதவனுக்குப் பொண்ணைக் குடுக்கறதான்னு கேக்க வந்தீங்க. செரி.

அவன் எங்கீங்க தொறந்தான்? அவனுக்கு அந்தத் தைரியம் ஏது? தொறந்தது நானுங்க.

ஆமா, நாந்தான். எதுக்கு அப்படிப் பாக்கறீங்க? ஒரு வேலையைச் செஞ்சவளுக்கு, நான் செஞ்சன்னு சொல்லிக்கற பாத்தியதை இல்லையா?

தையில நடக்குது இது. அன்னைக்குக் கமலாத்தா விருந்துக்குப் போயிருந்தா. பூபதி மோட்டார் ரூம்ல இருந்தான். பொழுது எறங்கற நேரம், காத்து இங்கிருந்து அக்கட்டால. வேலிச் சந்துல நொழைஞ்சன். மொதக் கதவைத் தொறந்து செங்கல்லை அண்டை குடுத்தன். உள்கதவைத் தொறந்து அதுக்கும் ஒரு செங்கல். உள்ள பாத்தனுங்க. ஒரே மட்டமா, பச்சைப்பாய் விரிச்ச மாதிரி நிக்குது நாத்து. ஒன்னுகூடச் சரியல. ஒன்னுகூட. திரும்பி வந்து தென்னமட்டையை எடுத்து, என்ற கோஸ் பாத்தியை அந்தக் கடைசியில இருந்து அடிச்சுக்கிட்டே வந்தன். பூச்சி எந்திரிச்சுது பாருங்க. காத்து தள்ளிக்கிட்டுப் போயி நேரா அந்தக் கதவுக்குள்ள விட்டுது. யாரோ கைப்புடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி போச்சுங்க.

பூபதி வந்துட்டான். மட்டையோட நான் வேலிக்கு இந்தப் பக்கம் நிக்கறன், அவன் அந்தப் பக்கம். என்னையப் பாத்தான். கதவைப் பாத்தான். ஓடலீங்க, நடந்துதான் போனான். உள்கதவுச் செங்கல்லை எடுத்துச் சாத்துனான். வெளிக்கதவுச் செங்கல்லை எடுத்துச் சாத்துனான். ரெண்டு செங்கல்லையும் கொண்டாந்து வேலிக்கு இந்தப் பக்கம், என்ற எடத்துல வெச்சுட்டுப் போனான்.

எட்டாம் நாளோ ஒம்பதாம் நாளோ, புழு தெரிஞ்சுது. கோஸ் அத்தனையும் குருத்துலயே தின்னுருச்சு. குருத்து போன நாத்தை நட்டா எலை வரும், கோஸ் கட்டாது. ஒன்னையும் குடுக்க முடியாது. மலையில காட்டை உழுதுபோட்டுட்டுக் காத்திருந்தவங்க வண்டியோட வந்து நின்னாங்க. எனக்குச் சத்தம் கேட்டுது. அன்னைக்கு நல்ல சீலையாப் பாத்துக் கட்டிக்கிட்டு வேலிகிட்டப் போயி நின்னனுங்க. அவ வருவா, கேப்பா, ஆமாண்டி நாந்தான்னு சொல்லோணும்னு. என்னென்ன சொல்லோணும்னு வரிசையா நெனைச்சு வெச்சிருந்தன். பால் சொசைட்டியில ஆரம்பிச்சு ஒன்னு விடாம.

கமலாத்தா வெளிய வந்தா. எல்லார் முன்னாடியும் கேட்டா. "பூபதி, எப்படிடா பூச்சி உள்ள வந்துச்சு?"

அவன், "நாந்தான் பெரியம்மா. அன்னைக்கு மோட்டார் போடற அவசரத்துல ரெண்டு கதவையும் தொறந்து போட்டுட்டன்"னான்.

நான் இங்க நிக்கறன். பத்தடி தூரத்துல நிக்கறன். அவன் என்ற பக்கம் திரும்பக்கூட இல்லீங்க. சென்னியப்பண்ணன் அவனைத் திட்டுனாரு. இன்னும் ரெண்டு பேரு திட்டுனாங்க. கையைக் கட்டிக்கிட்டு நின்னு வாங்கிக்கிட்டான். கமலாத்தா மட்டும் திட்டல. அவனைப் பாத்தா. அப்பறம் வேலி மேல கண்ணை ஓட்டி, என்னையப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. பாத்துட்டு, "செரி விடு, மறக்காத மனுசன் யாரு. மறுபடியும் வெதை போடு"ன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டு உள்ள போயிட்டா. ஒன்னுமே புரியல அவளுக்கு. அத்தனை படிச்சுப் பாலிஹவுஸ் வெச்சிருக்கறாளே, பூச்சி எந்தப் பாத்தியில இருந்து வந்துச்சுன்னு தெரியல பாருங்க. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கதவுக்குப் பூட்டுக்கூடப் போடல. அத்தனை மட்டி.

நான் என்ன பாடுபட்டன், சொல்லுங்க. புழு வளத்தன், என்ற நாத்தைப் பூராம் குடுத்தன், காத்துத் திரும்பக் காத்திருந்தன். எல்லாத்தையும் இவன் ஒரே பேச்சுல எடுத்துக்கிட்டான். பழி வாங்குனது நான், பேரு அவனுக்கு. அவ வயிறெரிஞ்சு என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா எனக்கு எல்லாம் ஆறியிருக்கும். அவனை மன்னிச்சுட்டுப் போயிட்டா. என்னைய மன்னிக்க அவ யாரு?

மறுநாள் வெடியால பூபதி மம்பட்டியோட வந்தான். வந்து அந்தப் பாத்தியைப் பூராம் புடுங்கி, குழி வெட்டிப் பொதைச்சான். நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தன். வெயிலு ஏறிருச்சு. மோர் கரைச்சு ஒரு சொம்புல வரப்பு மேல வெச்சுட்டு உள்ள வந்துட்டன். அவன் போன பொறகு போயிப் பாத்தன், சொம்பு காலியாக் கெடந்துது. நாய் கவுத்துருச்சோ என்னமோ. ஆனா சொம்பு நேராத்தான் நின்னுது.

ஏன் அவன் தலையில போட்டுக்கிட்டான்னு கேக்கறீங்க. எனக்கு எதிராத்தான். வேற எதுக்கு? அம்மா செஞ்சதை அம்மா செஞ்சான்னு சொல்ல அவனுக்கு வெக்கம். இல்லாட்டி, ஊரு என்னைய இன்னும் ஒரு பேரு வெச்சுக் கூப்பிடக் கூடாதுன்னு நெனைச்சானோ என்னமோ. அது எனக்குத் தெரியாது. பேசுனாத்தானுங்க தெரியும்.

ஆனா ஒன்னு. அவன் கதவைத் தொறந்தவன்னு நீங்க எங்கயும் சொல்லக்கூடாது. பொண்ணு காதுலயும் அப்படி விழக்கூடாது. அவன் சாத்துனவன். தொறந்தது நான். டீக்கடைக்காரன்கிட்டப் போயிச் சொல்லுங்க, சென்னியப்பண்ணன்கிட்டச் சொல்லுங்க, யாருகிட்ட வேணாச் சொல்லுங்க. இனி கதவுன்னா என்ற பேரோடதான் வரோணும்.

எந்திரிச்சுட்டீங்க. அங்கதான போறீங்க? போங்க, அவன் இருப்பான். செருப்பைக் கழட்டிட்டு அந்த மருந்துத் தண்ணியில காலை நனைச்சுட்டுப் போங்க, இல்லாட்டி விட மாட்டான். அவ முன்னாடியே சொல்லுங்க இதை. மறைக்க வேண்டாம். துளசிதான் தொறந்தாளாம்னு நல்லாச் சத்தமாச் சொல்லுங்க.

சொல்லும்போது அவ மொகம் எப்படிப் போகுதுன்னு மட்டும் கவனமாப் பாத்துக்குங்க. திரும்பிப் போகும்போது இந்தப் பக்கமா வந்து எனக்குச் சொல்லிட்டுப் போங்க. நான் காப்பிக்குப் பால் எடுத்து வெச்சிருக்கறன்.